இரண்டு எஞ்சின்களின் சத்தம்

ஓகஸ்ட் 3, திங்கள்

கல்லூரியைப் பூட்டி ஒன்றரை வருடமாகிறது. மோட்டார் பொறிமுறை படிப்பிக்கிறவருக்கென்று அரசாங்கம் தந்த பாடக்குறிப்புக் கொப்பி பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடக்கிறது. குடாநாட்டில் இப்போது கடதாசிக்கும் பஞ்சம். வெள்ளைத்தாளை வீணாக்க மனமில்லாததால் எழுதுகிறேன். வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை.

இன்று கார் ஓடியது. ஒஸ்ரின் ஏ-நாற்பது, எனக்கு ஆறு வயது இளையது. பெற்றோலுக்குத் தடை வந்த பிறகு இந்த ஊரில் ஓடுவதெல்லாம் மண்ணெண்ணெயில்தான். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் பற்றாது. ஆகவே கண்ணுக்கு மருந்து விடுகிற சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருந்து, கபரேற்றரின் வாய்க்குள் நாலு சொட்டுப் பீச்சி, கைபிடியைச் சுற்றி எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். சூடு இருக்கும்வரை ஓடும். நிறுத்தி ஆறவிட்டால் திரும்பவும் நாலு சொட்டு. கறுத்தப் புகை விடும், சளசளவென்று தட்டும், ஊர் முழுக்க நாறும். ஆனால் ஓடும்.

மத்தியானம் கௌசலாவுக்கு இரத்தம் பட்டது. என் ஒரே பிள்ளை, இப்போது வயிற்றில் ஏழு மாதம். புருஷன் கடவுச்சீட்டு எடுக்கவென்று கொழும்புக்குப் போனவர் பாதை மூடியதில் அங்கேயே நிற்கிறார். மருத்துவிச்சி ஜெயராணி மிஸ்ஸி சைக்கிளில் வந்து பார்த்தா.

"மாஸ்டர், நஞ்சுக்கொடி கீழ கிடக்குது. பிள்ளையின்ர தலைக்கு முன்னால வாசலை மறைச்சுக்கொண்டு. வெட்டித்தான் எடுக்கவேணும். பட்டணத்து ஆஸ்பத்திரியில மயக்க மருந்து முடிஞ்சு போச்சாம், இருபதாந்தேதிக்குக் கப்பல் வருதாம். அதுக்குப் பிறகு கொண்டு போங்கோ. அதுவரைக்கும் பாயை விட்டு எழும்பப்படாது."

"சரி மிஸ்ஸி."

"கொண்டு போகேக்கை குலுக்கவும்படாது. குலுக்கினால் இரத்தம் உடைக்கும். உடைச்சால் பிறகு ஒண்டும் செய்யேலாது."

"உந்த ரோட்டைப் பார்த்தனீங்கள்தானே?"

"பார்த்தபடியால்தான் சொல்லுறன்."

இருபது மைல். குண்டு விழுந்த குழி, மழை தோண்டிய குழி, லொறி உழுத பள்ளம். எனக்குத் தரப்பட்ட கணக்கு இதுதான்.

ஓகஸ்ட் 5, புதன்

காருக்கு அடியில் கிடந்தேன். குலுக்கத்தைத் தாங்குகிற பின்பக்க வில்லில் ஏழு தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது இருக்கிறது. போன வருடம் வெங்காய மூட்டை ஏற்றவென்று லொறித் தகடு இரண்டை நானே வைத்து இறுக்கினேன். மூட்டைக்கு நல்லது. ஆளுக்கு மரக்கட்டையில் குந்தியிருப்பதுபோல் இருக்கும்.

பாடப்புத்தகத்தில் சஸ்பென்சனுக்குத் தொங்கல் என்று போட்டிருக்கிறார்கள். பிஸ்ரன் முசலம், சிலிண்டர் உருளை. இருபது வருடம் இதைப் படிப்பித்தேன். என்னிடம் படித்த ஒருவனும் கராஜில் போய் முசலம் என்று வாய் திறந்ததில்லை. கௌசலாவுக்கு இதைச் சொல்லிச் சிரிக்கவைத்தேன்.

"அப்பா, நாங்கள் எல்லாரும் இப்ப தொங்கலிலதானே கிடக்கிறம்" என்றாள்.

என் மனைவி நாயகி உள்ளே வந்து இருவரையும் ஏசினாள். சிரித்தாலும் குலுங்குமாம்.

ஓகஸ்ட் 8, சனி

லொறித் தகடு இரண்டையும் கழற்றிவிட்டேன். கொல்லர் சிவக்கொழுந்தின் பட்டறையில் மற்றத் தகடுகளின் துருவைச் சுரண்டி, இடையில் கிறீஸுக்குப் பதில் இலுப்பெண்ணெய் பூசிப் பூட்டினோம். மீன்பிடிக்கிற செபமாலை அரைப் போத்தல் பெற்றோல் கொண்டுவந்து தந்தான். தன் வள்ளத்து எஞ்சினைக் கிளப்ப ஒளித்து வைத்திருந்தது. வாங்கக் கூசி நான் நின்றதை அவன் பார்க்காததுபோல் கடலைப் பற்றிக் கதைத்தான். நல்ல மனிதன்.

பரிசோதனைக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். செம்பை விளிம்பு மட்டும் நிரப்பிப் பின் இருக்கையில் வைப்பது. வீட்டுப் படலையிலிருந்து சங்கக்கடை வரை ஓடித் திரும்புவது. எவ்வளவு சிந்துகிறதோ அவ்வளவு குலுக்கம். இன்று பாதிச் செம்பு சிந்தியது. இருக்கை நனைந்து நாறுகிறது.

நாயகி படலையில் நின்று பார்த்தாள். "தண்ணியைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில சேர்க்கப் போறியளோ?" என்றாள்.

விஞ்ஞானம் இவர்களுக்கு எந்தக் காலத்திலும் விளங்கப் போவதில்லை.

ஓகஸ்ட் 9, ஞாயிறு

பின்னேரம் குண்டுவீச்சு விமானம் தூரத்தில் போனது. அயல் பிள்ளைகள் வழக்கம்போல் என்னிடம் ஓடிவந்தார்கள். "மாஸ்டர், எது? எது?"

இந்த ஒழுங்கை வீடுகளில் பதுங்குகுழிக்குள் எப்போது இறங்குவது, எப்போது அடுப்படியிலேயே நிற்பது என்பதை நான்தான் சொல்வது. பட்டம் தந்தவர் ஒருவருமில்லை, தானாக வந்தது. ஜெட்டில் முசலம் கிடையாது. சுழலி மட்டும். அது கிழிக்கிற சத்தம், குழந்தைக்கும் தெரியும். ஹெலி தலைக்குமேல் சாக்கை உதறுவதுபோல் அடிக்கும். கஷ்டமானது, சனம் சகடை என்று சொல்கிற இரண்டு எஞ்சின் விமானம். இரண்டு எஞ்சினும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. ஒன்று மற்றதைவிடச் சொட்டுப் பிந்தும். அந்த வித்தியாசத்தால் சத்தம் ஏறி இறங்கும். ம்ம்ம்... என்று ஏறி, தணிந்து, திரும்ப ஏறும். இதைப் பலகையில் அலை கீறிப் படிப்பித்திருக்கிறேன்.

ஆனால் வெங்காயத் தோட்டத்தில் இரண்டு கிணற்றில் இரண்டு இறைக்கிற மிசின் ஒன்றாக ஓடினாலும் இதே ஏற்ற இறக்கம்தான். பிரித்து அறியக் காது வேண்டும். எனக்கு இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

கௌசலா அறைக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள். "அதுக்கு அலை கீறத் தேவையில்லை அப்பா. மிசின் சத்தம் நிண்ட இடத்தில நிக்கும். பிளேன் வந்துகொண்டெல்லே இருக்கும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாயில் படுத்திருப்பவளுக்குக் காதுதான் இப்போது வேலை.

ஓகஸ்ட் 11, செவ்வாய்

காலையில் சத்தம் கேட்டது. ஏறி இறங்கியது. கிழக்குப் பக்கம், தோட்டவெளித் திசை. நான் காருக்கு அடியில் இருந்தேன். "மிசின். வேலையைப் பாருங்கோ" என்றேன். கௌசலா உள்ளே இருந்து, "இல்லை அப்பா, கிட்ட வருது" என்றாள். நாயகி என்னைப் பார்த்தாள். "மிசின்தான்" என்று இன்னொரு முறை சொன்னேன்.

குண்டு கோயில் கேணிக்கும் சிவக்கொழுந்து வீட்டுக்கும் நடுவில் விழுந்தது.

காற்று மேற்கிலிருந்து கச்சானாக அடித்தது. கச்சான் காற்றில் கிழக்கிலிருந்து வரும் சத்தம் சிதறும். காருக்கு அடியில் கிடந்தால் தகரம் எதிரொலிக்கும். இந்த இரண்டையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

சிவக்கொழுந்தின் மனைவிக்குத் தோளில் இரும்புத் துண்டு. உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். அவள் மா இடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றிருக்கிறாள். மாஸ்டர் சொன்னவர்தானே என்று நின்றிருக்கிறாள்.

ஓகஸ்ட் 12, புதன்

ஒருவரும் வந்து ஏசவில்லை. ஏசினால் நன்றாக இருந்திருக்கும்.

ஓகஸ்ட் 13, வியாழன்

சிவக்கொழுந்து பட்டறையைத் திறந்திருந்தார். நான் போவதா விடுவதா என்று ஒழுங்கை முடக்கில் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் கண்டுவிட்டுக் கூப்பிட்டார். மூன்றாம் தகட்டின் நுனியைக் காய்ச்சி மெல்லிதாக்க வேண்டியிருந்தது. துருத்தியை நான் ஊதினேன், அவர் அடித்தார்.

தகட்டைத் தண்ணீரில் தோய்த்துத் தந்தபோது, "மாஸ்டர், இனிமேல் சத்தம் கேட்டால் எதெண்டாலும் உள்ளுக்கு இறங்கிறது நல்லம், என்ன?" என்றார்.

"ஓம்" என்றேன்.

"பிள்ளையைக் கொண்டு போகேக்கையும் கவனமாப் போங்கோ. காரைக் கண்டால் பிளேன்காரன் விடமாட்டான்."

இன்று முழுக்க யோசித்தேன். மண்ணெண்ணெய் எஞ்சினின் தட்டல் சத்தத்தில் ஓட்டுகிறவனுக்கு வானம் கேட்காது. அதற்காக இந்தப் பக்கத்துச் சாரதிகள் வெளியான இடம் வரும்போதெல்லாம் எஞ்சினை நிறுத்தி, தலையை வெளியே போட்டுக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். நானும் அப்படியே செய்வேன். சத்தம் ஒன்று கேட்டால், எதுவென்று ஆராய மாட்டேன். உடனே காரை விட்டு இறங்கி மரத்தடிக்குப் போவது. இதுதான் சட்டம். இனி என் காதை நம்பி ஒரு உயிரையும் வைக்கப் போவதில்லை.

ஓகஸ்ட் 15, சனி

அதிர்வுதாங்கி நாலும் வறண்டு கிடந்தது. எண்ணெய் ஊற்றும் வகை இது, புத்திசாலித்தனமான பழைய வகை. வில் துள்ளும், துள்ளுவதை அடக்குவது இந்த எண்ணெய்தான். எண்ணெய் இல்லாவிட்டால் ஒரு குழிக்கு நாலு தரம் துள்ளும். சந்தையில் எண்ணெய் இல்லை. ஆமணக்கெண்ணெய் ஊற்றினேன்.

"அது பேதிக்குக் குடிக்கிறதெல்லே" என்றாள் நாயகி.

பழைய காலத்து விமான எஞ்சினுக்கு ஆமணக்கெண்ணெய்தான் விட்டார்கள், ஓட்டினவன் மூக்கெல்லாம் அந்தப் புகைதான் என்று சொன்னேன். கௌசலா உள்ளே கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப அவங்களுக்கும் பேதியோ அப்பா?" என்றாள்.

அந்த நாளுக்குப் பிறகு வீட்டில் ஒருவர் சிரித்தது இன்றுதான்.

செம்பில் கால்வாசிதான் சிந்தியது.

ஓகஸ்ட் 17, திங்கள்

முன் சக்கரத்துச் சுருள்வில்லுக்கு அடியில் ரயர்த் துண்டு வெட்டி வைத்தேன். ரயரில் காற்றைக் குறைத்தேன். பின் இருக்கையைக் கழற்றி எறிந்துவிட்டு, தென்னந்தும்பு மெத்தையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். குழந்தை தூங்குகிற ஏணையைப்போல. மூன்று முறை ஓடிப் பார்த்தேன். மூன்றாம் முறை ஒரு கை தண்ணீர்கூடச் சிந்தவில்லை.

செம்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கௌசலாவுக்குக் காட்டினேன். அவள் எழும்பாமல் கையை நீட்டி விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். ஈர விரலை வயிற்றில் வைத்தாள். தொழில் படித்ததில் இன்றைக்குப் பட்ட சந்தோஷம் வேறெந்த நாளும் பட்டதில்லை.

நாயகி பெற்றோல் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "உங்கட செம்புக்கே எல்லாத்தையும் ஊத்திப்போட்டியள். அண்டைக்கு என்னத்தை ஊத்துறது?"

அடியில் கிடந்தது இரண்டு முறை எழுப்பக் காணும். ஒருமுறை எழுப்பினால் பட்டணம் வரைக்கும் சூடு ஆறாது. அதனால் போதும் என்றேன். செபமாலையிடம் இன்னொரு தரம் கேட்க வெட்கமாக இருக்கிறது. அவனும் இப்போது வள்ளம் விடுவதில்லை.

ஓகஸ்ட் 20, வியாழன்

கப்பல் வந்துவிட்டதாக மிஸ்ஸி ஆள் அனுப்பினா. நாளை மறுநாள் விடியப் போகிறோம். இருட்டில் போனால் ஹெலி விளக்கைக் கண்டு சுடும். நன்றாக விடிந்தால் மற்றவை வரும். இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச வெளிச்சம் இருக்கிறது.

கௌசலா என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "பயமா அப்பா?" என்றாள். எனக்கா அவளுக்கா என்று கேட்டிருக்கலாம். இல்லை என்று சொன்னேன்.

ஓகஸ்ட் 22, சனி

எழுதவேண்டியதை எழுதுகிறேன்.

எஞ்சின் முதல் முறையில் எழும்பவில்லை. விடியற்குளிர். இரண்டாம் முறையில் எழும்பியது. போத்தலில் பெற்றோல் முடிந்தது. மெத்தையில் பாயோடு கௌசலா, பக்கத்தில் நாயகி. கார் நன்றாகப் போனது. கோயிலடிக் குழி, சந்திப் பள்ளம் எல்லாவற்றிலும் வில் இறங்கி ஏறியதே தவிர உதறவில்லை. "அப்பா, நான் நித்திரையாகிவிடுவன் போலக் கிடக்கு" என்றாள். தொழில் சரி. அதை எவரும் குறை சொல்ல முடியாது.

தோட்டவெளியில் ரோட்டின் இரு பக்கமும் வெளி. சட்டப்படி எஞ்சினை நிறுத்திக் கேட்டேன். சத்தம் இருந்தது. இரண்டு எஞ்சின். ஏறி இறங்கியது. வடக்காக இருக்கலாம். இறங்கும்படி சொன்னேன். வெளியில் நிற்கிற காரைத்தான் முதலில் அடிப்பான்.

நானும் நாயகியும் பாயோடு அவளைத் தூக்கி ரோட்டோரப் பனைகளுக்குக் கீழே கொண்டுபோனோம். வாய்க்கால் ஒன்றைக் கடக்க வேண்டியிருந்தது. நாயகிக்குக் கால் தடுக்கியது. பாய் ஒரு பக்கம் சரிந்தது. விழவில்லை, பிடித்துக்கொண்டேன்.

கௌசலா ஏதோ சொன்னாள். "கதையாதை பிள்ளை" என்றேன். கதைத்தால் கேட்பதற்கு இடைஞ்சல்.

சத்தம் போகவில்லை. வட்டமடிக்கிறது என்று நினைத்தேன். காத்திருந்தோம். வெயில் ஏறத் தொடங்கியது. பிறகு நாயகி, "இஞ்சருங்கோ" என்றாள். பாய் நனைந்திருந்தது.

காரிடம் ஓடினேன். எஞ்சின் ஆறிப்போயிருந்தது. கைபிடியைச் சுற்றினேன். மண்ணெண்ணெய் மட்டும்தான் கபரேற்றரில். பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காய்ச்சிப் போட்டுச் சுற்றினேன். உள்ளங்கை கிழியும்வரை சுற்றினேன். நாலு சொட்டுப் பெற்றோல் இருந்திருந்தால் ஓடியிருக்கும்.

உழவு இயந்திரம் ஒன்று பெட்டி பூட்டி வந்தது. ஏற்றினோம். பெட்டிக்கு வில் கிடையாது. அச்சு நேராகச் சட்டத்தில்.

ஆஸ்பத்திரி வாசலில் கௌசலாவுக்கு என்னைத் தெரியவில்லை. உச்சிக்கு முன் முடிந்துவிட்டது. ஆண் பிள்ளை. அது மூச்சு விடவே இல்லை.

ஓகஸ்ட் 24, திங்கள்

நேற்று கௌசலாவை எரித்தோம். மருமகனுக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் அறிவித்திருக்கிறது. அவரிடம் போய்ச் சேர ஒரு மாதம் செல்லும். அந்த ஒரு மாதமும் அவர் தகப்பனாக இருப்பார்.

ஓகஸ்ட் 27, வியாழன்

ஒன்றுமில்லை.

செப்டெம்பர் 2, புதன்

காரைத் தோட்டவெளியிலிருந்து மாடு கட்டி இழுத்துவந்தோம். செபமாலையும் சிவக்கொழுந்தும் வந்தார்கள். சிவக்கொழுந்தின் மனைவி தோளில் கட்டோடு படலையில் நின்று, நாயகியைக் கண்டதும் அழுதாள். நாயகி அழவில்லை. அன்றைக்கு இருந்து அவள் அழுததை நான் காணவில்லை.

செபமாலை, "என்னட்டைக் கேட்டிருக்கலாமே மாஸ்டர், இன்னும் கொஞ்சம் கிடந்ததே" என்றான். பிறகு அதைச் சொல்லியிருக்கக்கூடாது என்று அவனுக்கே விளங்கியது.

ஆகப் பெற்றோல்தான் காரணம். பெற்றோல் இருந்திருந்தால் கார் எழும்பியிருக்கும்.

செப்டெம்பர் 9, புதன்

வெங்காயம் ஏற்ற ஆள் வந்தது. வீட்டில் அரிசி இல்லை. லொறித் தகடு இரண்டையும் திரும்ப வைத்து இறுக்கினேன். மெத்தையை அவிழ்த்தேன். இருக்கையைப் பூட்டினேன். சுருள்வில்லின் கீழ் வெட்டி வைத்த ரயர்த் துண்டை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் எடுக்கலாம், எடுக்கவில்லை.

நாயகி அந்தச் செம்பை இப்போது பாவிப்பதில்லை. தகரப் பேணியில்தான் தண்ணீர் தருகிறாள்.

செப்டெம்பர் 14, திங்கள்

தோட்டவெளியிலிருந்து ஐயாத்துரை என்று ஒருவர் வந்தார். வெங்காயம் செய்கிறவர், எனக்கு முன்பின் தெரியாதவர். தன்னுடைய இறைக்கிற மிசின் இழுவை இல்லாமல் கிடக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். நாயகி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "மாஸ்டர், மனசு கேக்கேல்லை, அதுதான் சொல்லுறன்" என்றார். "அண்டைக்கு உங்கட காரை நாங்கள் கண்டனாங்கள். நானும் தம்பியும் விடிய விளக்கோட வந்து இறைக்கத் தொடங்கினது. பனையடியில பிள்ளையைக் கிடத்தினதைத் தூரத்தில கண்டு, களைப்பாத்துகினம் எண்டு நினைச்சுப்போட்டம். மிசினை நிப்பாட்டிப்போட்டு ஓடி வந்திருந்தால் ஒரு கை பிடிச்சிருப்பம். அது பிறகுதான் தெரிஞ்சது."

"அண்டைக்கு வானத்தில பிளேன் நிண்டது" என்றேன்.

"எங்களுக்குக் கேக்கேல்லை மாஸ்டர். மிசின் ஓடிக்கொண்டிருந்ததெல்லே" என்றார்.

அதுவும் நியாயமான விளக்கம். மிசினுக்குப் பக்கத்தில் நிற்பவனுக்கு மேலே போவது கேட்காது. நாயகி குவளையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

செப்டெம்பர் 15, செவ்வாய்

ஐயாத்துரையின் தோட்டம். ரோட்டிலிருந்து இரண்டு தோட்டத்தறை தள்ளி. ஒரு கிணறு அவருடையது, மற்றது தம்பியுடையது. அங்கிருந்து பார்த்தால் பனைகள் தெரியும்.

மிசினில் பெரிய பிழை இல்லை. வால்வு சரியாக மூடவில்லை. கழற்றித் தேய்த்துப் பூட்டினேன். பெற்றோல் ஒரு சிரட்டையில் தந்தார். பீச்சி எழுப்பினேன். நல்ல சத்தம்.

"தம்பியின்ர மிசின் எப்பிடி?" என்று கேட்டேன். அது நல்லாய் ஓடுகிறது என்றார். அதையும் ஓடவிடும்படி சொன்னேன். ஒத்துப் பார்ப்பதற்கு என்று சொன்னேன்.

அதுவும் எழும்பியது. முதலில் இரண்டு சத்தமாக இருந்தது. சூடு ஏறிய பிறகு ஒன்றாகியது. ஒன்றாகி, ஏறி, இறங்கி, ஏறியது.

நான் பனையடிக்கு நடந்துபோய் நின்று கேட்டேன்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. ஐயாத்துரை இரண்டையும் நிறுத்திவிட்டு வந்தார். "என்ன மாஸ்டர் செய்யுது உங்களுக்கு?" என்றார். வெயில் என்றேன். கூலி தந்தார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

செப்டெம்பர் 16, புதன்

நாயகி கேட்டாள். "மிசின் திருந்திச்சோ?"

"ஓம்."

"என்ன மாதிரிச் சத்தம் போட்டது?"

"மிசின் சத்தம்தான்."

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "அவள் உங்களுக்குச் சொன்னவள்" என்றாள். "ரெண்டு தரம் சொன்னவள். அப்பா, அது நிண்ட இடத்திலதான் நிக்குது, இறைக்கிற மிசின், வாங்கோ போவம் எண்டு. நீங்கள் கதையாதை எண்டியள். பிறகு அவள் கதைக்கேல்லை."

நான் விளக்கம் சொன்னேன். வெளியான இடத்தில், காற்று மாறி அடிக்கும்போது, ஏறி இறங்குகிற ஒரு சத்தம் நிற்கிறதா வருகிறதா என்று கொஞ்ச நேரத்தில் நிச்சயிக்க முடியாது. வட்டமடிக்கிற விமானமும் நின்ற இடத்தில் நிற்பதுபோல்தான் கேட்கும். பதினோராந்தேதி நடந்ததற்குப் பிறகு அந்த நிலையில் எந்த மனிதனும் அப்படித்தான் செய்திருப்பான். அவள் சொன்னதைக் கேட்டுப் போய், அது உண்மையில் விமானமாக இருந்திருந்தால்?

"ஓம்" என்றாள் நாயகி. சுளகைக் கவிழ்த்துத் தட்டினாள். "பதினோராந்தேதியும் அவள் சொன்னவள்தானே."

செப்டெம்பர் 17, வியாழன்

மழை வரும்போல இருந்தது. வரவில்லை.

செப்டெம்பர் 20, ஞாயிறு

காலையில் சத்தம் கேட்டது. இரண்டு எஞ்சின். ஏறி இறங்கியது.

ஒழுங்கைப் பிள்ளைகள் படலைக்கு ஓடிவந்தார்கள். இவ்வளவு நாளாக வராதவர்கள், பழக்கத்தில் வந்துவிட்டார்கள். ஒருவன் "மாஸ்டர், எது?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். சிவக்கொழுந்து மனைவியைக் கையில் பிடித்தபடி குழி வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது" என்றேன். "எல்லாரும் இறங்குங்கோ."

இறங்கினார்கள். நானும் இறங்கினேன். இருட்டில் மண் வாசனையும் பிள்ளைகளின் வியர்வையும். நாயகியைக் காணவில்லை. ஏறி எட்டிப் பார்த்தேன். முற்றத்தில், அந்த அறையின் ஜன்னலுக்குக் கீழே, கௌசலா படுத்திருந்த பக்கம் காதைக் கொடுத்தபடி நின்றாள்.

"நாயகி, வாரும்!" என்று கத்தினேன்.

அவள் கொஞ்ச நேரம் அப்படியே கேட்டுக்கொண்டு நின்றாள்.

"நிண்ட இடத்திலதான் நிக்குது" என்றாள். பிறகு அடுப்பில் உலை கொதிக்கிறது என்று உள்ளே போனாள்.